ஓடைக்கரைக்குப் போட்ட ரேம்ப்

1. முதல் நாள்

“இதுல என்னம்மா இருக்கு? நடக்குறவன் நடந்து போவான், வண்டியில இருக்கவன் வண்டியில போவான். நீ லெவல் எடு.”

முதலாளி இப்படிச் சொன்ன அன்றுதான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் சிவில் டிப்ளமோ. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, ராஜபாளையத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்து, அங்கேயே முடி நரைத்தவள். சைட்டில் எல்லாரும் ஓவர்சியரம்மா என்பார்கள். ஓவர்சியர் என்பது அரசாங்க வேலை, எனக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. திருத்திப் பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

இப்போது சைட்டுக்கு வருகிற பிள்ளைகள், ரேம்ப் என்றால் ஆஸ்பத்திரி வாசலில் சாய்வாகக் கொட்டுகிற சிமெண்ட் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சந்தோஷமாக முடியும் என்று நினைத்து யாரும் படிக்க உட்கார வேண்டாம்.

மம்சாபுரத்துக்குத் தெற்கே, மலையடியில் ஒரு ஊர். பெயரை எழுத மாட்டேன். அந்த ஊரில் எனக்கு இன்னும் காபி கொடுக்கிற வீடுகள் உண்டு. மாந்தோப்புகள் முடிகிற இடத்தில், காட்டு எல்லைக்கு வெளியே, புறம்போக்கில் அரசாங்கத்துக்காக ஒரு பாதை போட வேண்டும். வயசானவர்கள், கண் தெரியாதவர்கள், சக்கர நாற்காலியில் இருக்கிறவர்கள் எல்லாரும் மலையடியில் நடமாடுவதற்கான பாதை. தோப்பு ஓரமாகச் சமதளம்தான். கடைசியில் நிலம் திடீரென்று இறங்கி ஓடைக்குப் போகிறது. ஓடையில் ஒரு கசம், ஆழமான மடு, கோடையிலும் தண்ணீர் நிற்கும். கரையில் மருத மரத்தடியில் கருப்பசாமி.

அந்த இறக்கத்துக்கு மேலேயே பாதையை முடித்து, ஒரு கம்பி வேலியும் பெஞ்சும் போட்டுவிடலாம் என்பது முதலாளியின் கணக்கு. வ்யூ பாயின்ட் என்று போர்டு வைத்தால் வேலை முடிந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், மணலில் புதைந்த சக்கரத்தை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்காலியில் இருந்தவர் வேல்முருகன். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். வடக்கே ஒரு மலைப் பாதையில் லாரி உருண்டு, முதுகுத் தண்டு போய், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் ஊர் திரும்பியவர். தள்ளி வந்தவர் அவருடைய அண்ணன் சங்கரபாண்டி, தோப்புக்காரர்.

வேல்முருகன் நேராகக் கேட்டார்: “சார், இந்தப் பாதை எதுவரைக்கும் போகும்?”

“இந்த முனை வரைக்கும் தம்பி. இங்க இருந்து ஓடை அருமையாத் தெரியும்.”

“எங்க வீட்டு மாடியில இருந்தும் தெரியும் சார்.”

இதுதான் சமயம் என்று நான் புகுந்தேன். பன்னிரண்டுக்கு ஒன்று சரிவு, அதாவது ஓர் அடி இறங்கப் பன்னிரண்டு அடி நீளம். நேராகப் போனால் இடம் போதாது. மலைரோடு மாதிரி மடித்து மடித்து இறக்கினால் ஓடைக்கரைக்கே கொண்டுபோய் விடலாம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஓடைச் சரிவு, நடுவில் இருக்கிற இடம் அதற்கு மட்டும்தான் காணும் என்று சொன்னேன்.

முதலாளி என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். பிறகு வேல்முருகனைப் பார்த்தார். “சரி, செய்யி. மிலிட்டரிக்காரருக்கு இல்லன்னு சொல்லிட்டு நான் போய் எங்க சோறு திங்க” என்று காரில் ஏறினார். மோசமான மனுஷன் இல்லை, கஞ்சன் அவ்வளவுதான்.

2. “கையை எடுங்கக்கா”

வேல்முருகன் தினமும் சைட்டுக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். ஒரு மடிப்பு முடிந்து, தண்ணீர் விட்டு க்யூரிங் ஆனதும் நாற்காலியை ஏற்றிப் பார்ப்பார். முதலில் பேவர் பிளாக் பதித்தோம். பார்க்க அழகு. நாற்காலியின் முன் சக்கரம் குட்டியூண்டு. பிளாக் இடுக்கில் சிக்கி, ஆள் முன்னால் சாய்ந்தார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

“கையை எடுங்கக்கா.”

“விழுந்துருவீங்க தம்பி.”

“விழுந்தா எந்திரிச்சுக்கிடுதேன். பிடிச்சீங்கன்னா எந்திரிக்கவே விட மாட்டீங்க. கையை எடுங்க.”

எடுத்தேன். பிளாக்கையும் பெயர்த்து எடுத்தோம். கான்கிரீட் போட்டு, ஈரத்தோடு விளக்குமாற்றால் இழுத்துச் சொரசொரப்பாக்கினோம். மழையில் வழுக்கக் கூடாது, அதே சமயம் சக்கரமும் தடுக்கக் கூடாது. ஒவ்வொரு மடிப்பிலும் மூச்சு வாங்கி நிற்க ஒரு சமதள லேண்டிங். கைப்பிடிக் கம்பி அவர் கை எட்டுகிற உயரத்தில். அவர் சொல்லச் சொல்லக் கம்பியை வெல்டர் தூக்கி இறக்கினான்.

ஒரு மத்தியானம் லேண்டிங்கில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். “உங்க அண்ணன் இவ்வளவு பார்த்துக்கிடுதாரு. ஓடைக்குத் தூக்கிட்டுப் போகலாமே, அதுக்கு ஏன் தம்பி இத்தனை வைராக்கியம்?”

“தூக்கிட்டுத்தான் போறாவ. வருசா வருசம் மாசியில சாமி கும்பிடுக்கு முதுகுல போட்டுத் தூக்கிட்டுப் போவாவ. ஊரே பாக்கும். பொம்பளையாளு எல்லாம் ‘இப்படி ஒரு அண்ணன் எவனுக்குக் கிடைக்கும்’னு கண்ணத் துடைக்கும்.” சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. “நான் அந்தக் கசத்துல நீந்திப் பழகுனவன்க்கா. ஒரே ஒரு தடவ, ஒருத்தன் கையும் எம்மேல படாம அங்க போயி உக்காரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

சங்கரபாண்டி அப்போதுதான் தூக்குவாளியில் மோர் கொண்டுவந்தார். இது அவர் காதில் விழுந்ததா தெரியாது. எனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, “எதுக்கு மேடம் இம்புட்டுக் கம்பி, இம்புட்டு சிமெண்ட்டு? நான் இருக்கேன்ல தூக்க” என்றார். கேலி இல்லை, குத்தலும் இல்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

3. இறங்கியதும் ஏறியதும்

திறப்பு விழாவில் எல்லாம் முறைப்படி நடந்தது. ரிப்பன், மாலை, பேச்சு. பேசியவர்களில் ஒருவரும் இறக்கத்தில் கால் வைக்கவில்லை. பந்தல் நிழலில் நின்று கை தட்டிவிட்டுக் காரேறினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு வேல்முருகன் எங்களை எல்லாம் மேலேயே நிற்கச் சொன்னார். பிரேக்கை விடுவித்தார். முதல் மடிப்பு, லேண்டிங், இரண்டாவது மடிப்பு. திரும்புகிற இடங்களில் மட்டும் தலை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. சங்கரபாண்டி என் பக்கத்தில் நின்று துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை இறங்கப் போனார். இரண்டு தடவையும் நான் கையை நீட்டி மறித்தேன்.

ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு சக்கரச் சத்தம் கேட்டது. ஏறி வந்தார். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது.

“இறங்குறது ஒண்ணுமில்லக்கா. எவனும் இறங்கிருவான். ஏறி வந்தேன் பாருங்க” என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது கிலோமீட்டர் ரோடு போட்டபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் தனியாகப் போய் வந்தார் என்று கேள்விப்பட்டேன். கசத்தோரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பாராம். தெற்கே எங்கிருந்தோ போலியோ வந்த ஒரு டீச்சர் தன் மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்கிப் பார்த்துவிட்டுப் போனாராம். அந்தச் சில மாதங்கள்தான் என் வேலை வாழ்க்கையில் நான் நிம்மதியாகத் தூங்கிய மாதங்கள் என்று சொன்னால் மிகை இல்லை.

4. கருங்கல்

அடுத்த வேலை தளவாய்புரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர். அங்கே இருக்கும்போது வேல்முருகனின் போன் வந்தது. புண் ஆறாமல் மதுரை ஆஸ்பத்திரியில் சில வாரம் இருந்துவிட்டு முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தார். உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்கு அந்தப் புண் வரும்.

“அக்கா, செத்த வந்துட்டுப் போங்க.”

“என்ன தம்பி, உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீங்க வாங்க, பாத்துக்கிடலாம்.”

பஸ் பிடித்துப் போனேன். பாதையின் முனையில், இறக்கம் தொடங்குகிற இடத்தில், அவர் பிரேக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் சக்கரத்துக்கு முன்னால் முதல் படி.

கருங்கல் படிகள். நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல முடியாது. மேலிருந்து ஓடை வரைக்கும் நேராக, ரேம்பின் மடிப்புகளை எல்லாம் நடுவில் வெட்டிக்கொண்டு இறங்கின. படிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் என் ரேம்ப் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒவ்வொரு துண்டும் கொஞ்ச தூரம் போய்க் கல்லில் முட்டி நின்றது. முதல் படியில் எழுத்துச் செதுக்கியிருந்தது: தம்பி ஹவில்தார் வேல்முருகன் உயிர் பிழைத்து வந்ததற்கு அண்ணன் சங்கரபாண்டி உபயம்.

எங்கள் பக்கத்து மலைக்கோயில்களுக்கு ஏறியவர்களுக்கு இது புதிது இல்லை. பிள்ளை வரம், நோய், கோர்ட்டு, எதற்கும் படி போடுவதாக வேண்டிக்கொள்வார்கள். காரியம் நடந்ததும் பேர் செதுக்கிப் போடுவார்கள். லாரி உருண்ட செய்தி வந்த அன்றைக்கு, தம்பி பிழைக்க மாட்டான் என்று போனில் சொன்ன அன்றைக்கு, சங்கரபாண்டி மருத மரத்தடியில் விழுந்து, உயிரோடு வந்தால் உன் வாசலுக்குக் கல்லுப் படி போடுகிறேன் என்று வேண்டியிருக்கிறார். வருஷக்கணக்காக அது தள்ளிப் போயிருக்கிறது. அந்த வருஷ சாமி கும்பிடில் சாமியாடி அவரைக் கூட்டத்தில் பிடித்து நிறுத்தி, “பாதை வந்துருச்சு, எம் படி எங்கடா?” என்று கேட்டுவிட்டார். அந்த வருஷம் மாங்காயும் நன்றாகக் காய்த்து, கையில் காசு இருந்தது.

சங்கரபாண்டி வீட்டிலிருந்து வேகமாக வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“பாத்தீங்களா மேடம்? நீங்க பாதையோரம் கட்டுன தடுப்புச் சுவரு இருந்ததால மண்ணு ஒரு பிடி சரியல. கல்தச்சன் சொன்னான், அடித்தளம் போட்டவங்க கெட்டிக்காரங்கன்னு. உங்களைத்தான் சொன்னான்.”

“அண்ணாச்சி, தம்பி இனிமே எப்படி இறங்குவாரு?” என்று கேட்டேன்.

“நான் தூக்கிட்டுப் போறேன்ல” என்றார். “எப்பவும் நான்தான தூக்குவேன்?”

வேல்முருகன் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5. அலைந்தது

மறுநாளே முதலாளியிடம் போனேன். “பில் பாஸ் ஆகி, ஒப்படைச்சு, எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா. இன்னொருத்தன் போட்ட கல்ல நான் எந்த உரிமையில தொட?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

சம்பந்தப்பட்ட ஆபீசுக்குப் போனேன். இந்த மேஜை, அந்த மேஜை என்று பந்தாடினார்கள். கடைசியில் ஒரு அதிகாரி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசினார். “பெர்மிஷன் இல்லாமப் போட்டதுதான், ஒத்துக்கிடுதேன். சாமி படிய உடைக்கச் சொன்னேன்னு நாளைக்கு ஊருக்குள்ள போஸ்டர் ஒட்டுனா எனக்கு யாரும்மா பதில் சொல்லுவா? பாதிக்கப்பட்டவரு கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுக்கட்டும். அதை வச்சு நான் மேல பேசுதேன்.”

அதற்கு முன்னால் சங்கரபாண்டியிடமே இன்னொரு தடவை போனேன். முழுதாக உடைக்க வேண்டாம். மடிப்பு குறுக்கே போகிற இடங்களில் மட்டும் கல்லை எடுத்துவிட்டு, சக்கரம் போகிற அளவுக்குச் சமப்படுத்தித் தருகிறேன், எழுத்துச் செதுக்கிய படியைத் தொட மாட்டேன் என்று தரையில் குச்சியால் வரைந்தே காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“மேடம், நீங்க வேதக்காரவுக. உங்களுக்குச் சொன்னா விளங்குமான்னு தெரியல. அவன் உசிரு இருக்கே, அது இந்தப் படிக்குக் கொடுத்தது. சாமி அவனைக் கொடுத்துச்சு, நான் இதைக் கொடுத்தேன். கொடுத்ததத் திருப்பி எடுத்தா, சாமியும் கொடுத்ததத் திருப்பி எடுக்கும்லா? அவன் என்னைய வையட்டும். எங்கிட்டப் பேசாமக்கூட இருக்கட்டும். இருந்தாப் போதும் மேடம்.”

நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். என் மகனுக்கு டைஃபாய்டு வந்தபோது மாதாவிடம் என்னென்ன நேர்ந்தேன் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷனிடம் எதைச் சொல்லி வாதாடுவது? குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

மிச்சம் இருந்தது வேல்முருகன் கையெழுத்து. மனுவை நானே எழுதிக் கொண்டுபோனேன். வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“அண்ணன் மேல மனுப் போடச் சொல்றீங்களாக்கா?”

“அண்ணன் மேல இல்ல தம்பி. கல்லு மேல.”

“ரெண்டும் ஒண்ணுதான். எனக்குச் சாமி நம்பிக்கை எல்லாம் அம்புட்டுக் கிடையாது. படிய உடச்ச மறுநாளு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட அண்ணன் பயத்துலயே செத்துருவாவ. எனக்கு எப்படியும் காய்ச்சல் வரும்க்கா, என் உடம்பு அப்படி. பொறவு அவியளக் கொன்ன பாவம் எனக்கு எதுக்கு?”

“அப்ப ஓடை?”

“மாடியில இருந்து தெரியும்லா.”

வீட்டு மாடிக்கும் அவரால் தனியாக ஏற முடியாது. அதற்கும் அண்ணன்தான் தூக்க வேண்டும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

6. மாசி

அடுத்த மாசியில் சாமி கும்பிடுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. சங்கரபாண்டியே வீடு தேடி வந்து அழைத்தார். போகாமல் இருந்திருக்கலாம், போனேன்.

மேளம் அடிக்க, பொங்கல் பானைகளோடு கூட்டம் படியில் இறங்கியது. எல்லாரும் படியைப் புகழ்ந்தார்கள். முன்னே மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தவர்களின் கதையைச் சொன்னார்கள். ரேம்ப் இருந்த மாதங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சங்கரபாண்டி குனிந்து தம்பியை முதுகில் ஏற்றிக்கொண்டார். அவருக்கும் வயதாகிவிட்டது, முழங்கால் ஆடியது. பாதியில் நின்றார். அவர் மகன் ஓடிவந்து, “அய்யா, நான் வாங்கிக்கிடுதேன்” என்றான். “தள்ளுலே அங்கிட்டு” என்று மறுத்துவிட்டு மறுபடி இறங்கினார். வேல்முருகன் கண்ணை மூடி, முகத்தை அண்ணன் கழுத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் குலவை போட்டார்கள்.

நான் மேலேயே நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். காலியாக இருக்கிறதே என்று யாரோ ஒரு அம்மா தேங்காய் பழக் கூடையை அதன்மேல் வைத்தார். இன்னொருவர் கைப்பையை மாட்டினார்.

திரும்பத் தூக்கி வந்து, கூடையை இறக்கி, அவரை உட்கார வைத்தார்கள். திருநீறு நெற்றி முழுக்க இருந்தது. கூட்டம் நகர்ந்த பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“அக்கா, ஒரு உதவி. அந்தக் கம்பி எல்லாம் சும்மா நிக்கி. வெட்டி எடுத்துட்டுப் போயிருங்க. என் கைக்குன்னு அளவெடுத்துப் போட்டது. மேல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டே இருக்க என்னால ஏலாது.”

அடுத்த வாரம் வெல்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனும் அதே வெல்டர்தான். கட்டர் போட்டான். கம்பிகளை நான்தான் ஒவ்வொன்றாகச் சுமந்து மேலே கொண்டுவந்து அடுக்கினேன். வேல்முருகன் வரவில்லை. சங்கரபாண்டி மட்டும் தூக்குவாளியோடு வந்தார்.

“நல்லதுதான் மேடம். படியில போறவங்க இடிச்சுக்கிட்டாங்க” என்று மோரை நீட்டினார்.

வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

பிள்ளைகளா, சரிவுக் கணக்கு, லேண்டிங் நீளம், கம்பி உயரம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். ஒரு இடத்தில் பாதை போடப் போனால், யார் நடக்கப் போகிறார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் யாருக்கு என்ன நேர்ச்சை பாக்கி இருக்கிறது என்றும் கேளுங்கள். படிக்கு ஓர் ஓரத்தில் முதலிலேயே இடம் விடுங்கள். இவ்வளவுதான் நான் கற்றது, காலம் கடந்து கற்றது. பகையாளி வந்து இடித்திருந்தால் நான் கோர்ட்டுக்குப் போயிருப்பேன், ஜெயித்தும் இருப்பேன். தம்பி மேல் உயிரை வைத்திருக்கிற ஒருவர் கல்லைக் கொண்டுவந்து போட்டால், அதை எடுக்க எந்த ஆபீசிலும் ஆள் கிடையாது.

வேல்முருகன் இப்போது இறக்கத்துப் பக்கம் வருவதில்லை. கேட்டால், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்.